இளக்கம் என்கிற என் சொல்

பொறாமையைப் பற்றி எழுதுகிறவர்கள் "சிறு நெருடல்", "ஒருவித மனக்கசப்பு" என்று பூசி மெழுகுவார்கள். எனக்கு அந்த வேலை வராது. என் ஓரகத்தியைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. எழுபதுகளில் காஞ்சிபுரத்தில், ஒரே வீட்டில் அண்ணனை நானும் தம்பியை அவளும் கட்டிக்கொண்டு, ஒரே அடுப்படியில் புழங்கிய வருஷங்கள் அத்தனையிலும் எரிந்தது. அதில் ஒரு மாசியிலிருந்து சித்திரை வரைக்கும் நடந்ததை மட்டும் இங்கே சொல்கிறேன். மற்றதை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அவள் வருவதற்கு முன்னால் நான் எங்கள் தெருவுக்கே அதிசயம். கணக்கில் பி.எஸ்சி., அதற்கு மேல் மெட்ராசில் ஒரு ஆபீசில் கம்ப்யூட்டருக்கு புரோகிராம் எழுதுகிற வேலை. காலை முதல் பஸ்சில் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு திரும்புவேன். பஸ்சை விட்டு இறங்கி நடந்து வரும்போது பூக்காரம்மா நிறுத்திக் கேட்பார், "ஏம்மா, அந்த மிஷினுக்குக் கண்ணு காது எல்லாம் இருக்குதா?" "குளுகுளுன்னு ஒரு ரூம் மட்டும் வேணும், வேற ஒண்ணும் கேக்காது" என்பேன். என் மாமியார் கல்யாண வீடுகளில் என்னைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்வார். "எங்க பெரிய மருமக. மிஷினுக்கே பாடம் சொல்லிக் குடுக்குது" என்பார். கேட்டு எனக்குத் தலைகால் புரியாது. இதெல்லாம் இரண்டு வருஷம் நன்றாகத்தான் நடந்தது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். காஞ்சிபுரத்துக்காரி, கம்ப்யூட்டர் படிக்கிற ஓட்டை போட்ட அட்டையை வைத்து வேலை செய்தாள் என்றதும், தறிக்கு மேலே தொங்குகிற டிசைன் அட்டையை நினைத்துக்கொண்டு "அட, ரெண்டும் ஒண்ணுதானே!" என்று கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. இந்தக் கதைக்கும் அந்த அட்டைக்கும் சம்பந்தம் கிடையாது.

என் கொழுந்தனாருக்குப் பிள்ளையார்பாளையத்தில் பெண் எடுத்தார்கள். எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படித்தவள். நெசவாளர் சொசைட்டி ஒன்றில் புடவை பார்க்கிற வேலை. தறிக்காரர்கள் நெய்து முடித்த புடவையைக் கொண்டுவந்தால், ஜன்னலோரம் சாய்வான பலகையில் விரித்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, முந்தானையிலிருந்து கடைசி வரைக்கும் குறை பார்க்க வேண்டும். எத்தனையோ வருஷம் அந்தப் பலகைக்கு முன்னால் ஆண்கள்தான் நின்றிருந்தார்கள். இவள் நின்ற ஆறே மாதத்தில் மற்றவர்கள் பார்த்துத் தள்ளிய புடவையையும் இவளிடம் ஒருமுறை காட்டச் சொன்னார்களாம். இதை என் மாமியார் தெருவில் சொல்லிக்கொண்டு வந்தார். என்னைச் சொல்கிற அதே குரலில் சொன்னார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒரு தடவை நான் காந்தி ரோட்டில் எடுத்த அரக்குப் புடவையை அவளிடம் காட்டினேன். பெருமைக்குத்தான் காட்டினேன், அவள் கருத்தைக் கேட்கவில்லை. அவள் புடவையின் உடலும் கரையும் சேருகிற இடத்தில் கட்டைவிரல் நகத்தை ஓட்டிக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் நின்றாள். "நல்லா இருக்குதுக்கா. இங்க மட்டும் கொஞ்சம் பார்த்துக் கட்டுங்க" என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கருட சேவைக் கூட்டத்தில் எவரோ இழுத்ததில் அதே இடத்தில் விட்டுப்போனது. "வாய வச்சிட்டா பாருங்க அத்த" என்று மாமியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அந்தச் சமயம் ஊரில் ஒரு தமிழ் மன்றம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் கூடுவார்கள். செயலாளர் மருந்துக்கடைக்காரர். கடையில் "அந்த மாத்திரை இல்லப்பா, நாளைக்கு வா" என்று பேசுகிறவர், மன்றத்துக்குள் கால் வைத்ததும் அம்மையீர், ஐயன்மீர் என்று ஆரம்பித்துவிடுவார். கணிப்பொறிக்குத் தமிழில் ஒரு சொற்பட்டியல் புத்தகம் போட வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஊரிலேயே கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்தவள் நான் ஒருத்திதான் என்பதால் பட்டியல் என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று சும்மா சொல்கிறேன், நானேதான் ஓடிப்போய் வாங்கிக்கொண்டேன். அந்த மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் அதைத் தந்தவர் பெயரை அச்சடிப்பார்கள். நூற்றுச் சொச்சம் சொல்லுக்கும் பக்கத்தில் என் பெயர் வரப்போகிறது என்று நினைத்தாலே எனக்குப் பசிக்காது.

ஒரு சொல்லில் மட்டும் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் ஆபீசில் பரீட்சை மார்க்குகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை நடந்தது. ஒரு மாணவருக்கு ஒரு அட்டை. அவருடைய எண்ணும் மார்க்கும் ஓட்டைகளாக அதில் இருக்கும். அட்டைகளைக் கட்டாக அடுக்கிக் கொடுத்தால் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாகப் படித்துக்கொள்ளும். மாசி மாதம் ஒத்திகை பார்த்தபோது ஒரே எண்ணுக்குத் தவறிப்போய் இரண்டு அட்டை அடித்துவிட்டார்கள். புரோகிராம் ஒரு முனகல்கூட இல்லாமல் முதல் அட்டையின் மார்க்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, கடைசியாக வந்த அட்டையின் மார்க்கை எடுத்துக்கொண்டது. யாராவது வேண்டுமென்றே கட்டின் அடியில் ஒரே ஒரு அட்டையைச் செருகினால் போதும், தோற்றவன் பாஸ். எங்கள் ஆபீசர் உடனே என்னைக் கூப்பிட்டார். புரோகிராமை மாற்றிச் சோதிக்க மிஷினில் நேரம் இல்லை, பெரிய பரீட்சை தலைக்கு மேல் நின்றது. "பரீட்சை வேலை முடியட்டும், மாத்திடலாம். அதுவரைக்கும் கார்டுக் கட்டெல்லாம் பூட்டி வைப்போம். இந்த மாதிரி இடம் இன்னும் எங்கெங்க இருக்குதுன்னு ஒரு லிஸ்ட் போடும்மா" என்று என்னிடம் சொன்னார்.

லிஸ்ட் போடலாம், தலைப்பில் என்ன எழுதுவது? பிழை என்று எழுதக் கை வரவில்லை. புரோகிராம் ஒழுங்காகக் கூட்டியது, ஒழுங்காகக் கழித்தது. வெளியூர்ப் புத்தகங்களில் ஒன்று ஓட்டை என்றது, ஒன்று பலவீனம் என்றது, ஒன்று எல்லாவற்றையும் சேர்த்து எர்ரர் என்றே சொல்லிவிட்டுப் போனது. அவர்களுக்கே அப்போது சொல் நிலைக்கவில்லை. நான் மட்டும் தமிழில் நிலைக்க வைத்துவிட வேண்டும் என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். உடைத்ததில் வந்தது "ஊறுநேர்வாய்ப்பிடம்".

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடுப்படியில் என் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் கிளார்க். "ஊறு... என்னது?" என்று கேட்டுவிட்டு முருங்கைக்காயை மென்றுகொண்டிருந்தார். அவள் பக்கத்தில் மொச்சை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, அந்த ரெண்டாவது கார்டு கிழிஞ்சிருந்துச்சா?" என்றாள்.

"இல்ல."

"புரோகிராம் மார்க்கத் தப்பா கூட்டுச்சா?"

"அதுதான் இல்லேங்கறேனே."

"யாரும் எதுவும் செருகலைன்னா எல்லாம் சரியாத்தானே நடந்துக்கினு இருக்கும்?"

"ஆமாம்மா. அதுக்கென்ன இப்போ?"

"அப்போ அது அறுப்பு இல்லக்கா. இளக்கம்."

அவர்கள் சொசைட்டியில் குறைகளுக்குப் பெயர் இருந்ததாம். இழை அறுந்து போயிருந்தாலோ, குறுக்கே ஓடுகிற ஊடை விட்டுப்போயிருந்தாலோ அது அறுப்பு. நெய்தவர் செய்த தப்பு, கண்ணுக்குத் தெரியும். இளக்கம் வேறு. இழை எல்லாம் இருக்கும், பூ எல்லாம் சரியாக இருக்கும், கட்டிக்கொண்டு பத்து வருஷம்கூடப் போகலாம். ஆனால் ஒரு இடத்தில் பிடிப்பு குறைவு. தெரிந்தவன் அங்கே கட்டைவிரலை வைத்து அழுத்தினால் பிரிந்துகொண்டு வந்துவிடும். அப்படி அழுத்துவதற்கு நகம் போடுகிறது என்று பெயர். அந்த இடத்தைத் திரும்பக் கட்டிக் கொடுப்பது இறுக்குகிறது.

"மூணும் வேற வேறக்கா. அறுப்பு பொடவையோட சமாச்சாரம். இளக்கமும் பொடவையோடதுதான், ஆனா இன்னொருத்தன் கை வந்தாத்தான் அது குறை. நகம் போடுறது அந்த இன்னொருத்தனோட வேலை. எல்லாத்துக்கும் ஒரே பேர வச்சா யாரத் திட்டுறதுன்னே தெரியாமப் போயிடும். அப்புறம் இன்னொன்னு, இளக்கம்னு கண்டுபுடிச்சா நாங்க..."

என் வீட்டுக்காரர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். "அடேங்கப்பா! இவ சொன்னாத்தான் எனக்கே புரியுது" என்றார்.

நான் எழுந்துவிட்டேன். "இது கம்ப்யூட்டர்மா, புடவைக்கடை இல்ல" என்று சொல்லிவிட்டு, அவள் ஆரம்பித்ததை முடிக்க விடாமல் கை கழுவப் போனேன். ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டவள் நான், மொச்சை உரித்துக்கொண்டே சொல்கிறவள் அவளா? கை கழுவின இடத்தில் நின்றுகொண்டு அழலாமா என்று பார்த்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

அன்றைக்கே சாயங்காலம் துணி மடிக்கும்போது அவள் கேட்டாள். "உங்க ஆபீசுல கார்டு சரிபார்க்க ஆள் எடுக்கிறாங்கன்னு சொன்னீங்களே அக்கா. நான் எழுதிப் போடட்டுமா? குறை பார்க்கிற வேலைன்னா எனக்கு வரும் போல இருக்குதே."

அவளுக்கு அதில் எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். கொழுந்தனாரிடமும் மாமியாரிடமும் ஏற்கெனவே கேட்டிருந்தாள். "தனியா மெட்ராசுக்கெல்லாம் வேணாம். அண்ணி கூட போய் அண்ணி கூட வர்றதுன்னா சரி" என்று கொழுந்தனார் சொல்லியிருந்தார். ஆக, எல்லாம் என் கையில். நான் ஃபாரம் கொண்டுவந்து, "வாம்மா போகலாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் முதல் பஸ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

"வாங்கிக்கினு வரேன்" என்றேன். மறுநாள் வாங்கவும் வாங்கினேன். ஃபாரம் என் தோள்பையில், டிபன் டப்பாவுக்கு அடியில் கிடந்தது. பஸ்சில் வரும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் மாதம் அட்டை சரிபார்ப்பாள். மூன்றாம் மாதம் ஆபீசர் அவளைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்பார். ஒரு வருஷத்தில் எங்கள் மாமியார் கல்யாண வீட்டில் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு "எங்க சின்ன மருமகளும் மிஷின்ல" என்பார். ஏன், புரோகிராமே எழுதினாலும் எழுதுவாள். அந்த ஆபீஸ் ஒன்றுதான் எனக்கென்று இருந்தது. அதையும் இவளிடம் தூக்கிக் கொடுக்க நான் என்ன தர்மசத்திரமா?

நாலு நாள் கேட்டாள். "கேட்டுக்கினு இருக்கேன்மா" என்றேன். ஐந்தாவது நாள், அவள் கேட்பதற்கு முன்னாலேயே நான் முந்திக்கொண்டேன். "தேதி முடிஞ்சுபோச்சுன்னு சொல்லிட்டாங்கம்மா. நமக்குத்தான் லேட்டாத் தெரிஞ்சிருக்குது."

கடைசித் தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

"அப்படியா அக்கா" என்றாள். அவ்வளவுதான். ஃபாரத்தை மறுநாள் ஆபீஸ் குப்பைக்கூடையில் போட்டேன். நாலாக மடித்துப் போட்டது இன்னும் நினைவிருக்கிறது.

அடுத்த ஞாயிறு மன்றத்தில் "ஊறுநேர்வாய்ப்பிடம்" என்று கரும்பலகையில் எழுதினேன். பின்வரிசையில் யாரோ கொட்டாவி விட்டார்கள். செயலாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "சற்றே நீளமாக உள்ளதே அம்மையீர். வாயில் நுழைய ஒரு நாள் விடுப்பு எடுக்க வேண்டும் போலிருக்கிறது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மூக்கு உடைந்து நின்றேன். அந்த நிமிஷம் என் வாய் தானாகத் திறந்தது என்று சொன்னால் பொய். யோசித்துத்தான் திறந்தேன்.

"இளக்கம்" என்றேன்.

அறுப்பு, இளக்கம், நகம் போடுதல், இறுக்குதல். நாலையும் வரிசையாக எழுதி, புடவை உதாரணத்தோடு சொன்னேன். கூட்டத்தில் பாதிப் பேர் தறிக்குப் பக்கத்தில் பிறந்தவர்கள். அவர்களுக்கு அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. செயலாளர் எழுந்து நின்று கை தட்டினார். "யார் தந்த சொல் அம்மையீர்?"

"நான் தந்தது" என்றேன்.

பெயரை எழுதிக்கொண்டார். வீட்டுக்கு நடந்து வரும்போது, அது வீட்டில் புழங்குகிற வார்த்தைதானே, யார் அப்பன் வீட்டுச் சொத்து என்று எனக்கு நானே பேசிக்கொண்டு வந்தேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. சொல் அவளுடையது என்று எனக்குத் தெரியுமே. அதில் அவளால் சொல்லவே முடியாத ஒன்றை, நான் மட்டுமே சொல்லக்கூடிய ஒன்றைச் சேர்த்துவிட்டால் அது என் சொல் ஆகிவிடும் என்று தோன்றியது. அச்சுக்குப் போகும்போது இளக்கம் என்ற சொல்லுக்குக் கீழே மூன்று வரி உதாரணம் எழுதினேன். பரீட்சை அட்டைக் கட்டில் ஒரே எண்ணுக்கு இரண்டு அட்டை வந்தால் கணிப்பொறி கடைசி அட்டையின் மதிப்பெண்ணையே கொள்ளும், கட்டின் அடியில் ஓர் அட்டையைச் செருகுபவர் மதிப்பெண்ணை மாற்றிவிடலாம் என்று. எங்கே வேலை பார்க்கிறேன் என்பதும் முன்னுரையில் பெருமையாக இருந்தது.

சித்திரை முதல் ஞாயிறு வெளியீடு. அவளும் மாமியாரும் வந்து பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குச் சால்வை போர்த்தினார்கள். கைதட்டலுக்கு நடுவில் அவள் மடியில் புத்தகம் விரிந்திருப்பதைப் பார்த்தேன். அவள் விரல் ஒரு இடத்தில் நின்றிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் என்னிடம் வந்தாள். நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். என்னென்ன பேசுவது என்று பாடம்கூடப் பண்ணி வைத்திருந்தேன்.

"அக்கா, இந்தக் கடைசிக் கார்டு சமாச்சாரம், அத இறுக்கியாச்சா?"

"எத?"

"புரோகிராம. மாத்திட்டீங்களா?"

"இன்னும் இல்ல. பரீட்சை வேலை முடிஞ்சாத்தான் மிஷின் கிடைக்கும். ஏன்?"

"அப்போ எதுக்கக்கா புக்குல போட்டீங்க?"

"உதாரணத்துக்குத்தான்" என்றேன்.

"அறுப்புன்னா எங்க சொசைட்டியில புக்குல எழுதி, எல்லார் முன்னாடியும் சத்தமா படிப்போம். இளக்கம்னா எழுத மாட்டோம். நெய்தவரத் தனியாக் கூப்பிட்டு, அவர் காதுல மட்டும் எந்த எடம்னு சொல்லுவோம். அவர் இறுக்கிக்கினு வர்ற வரைக்கும் நான் வீட்ல கூட வாயத் தொறக்க மாட்டேன். வெளிய தெரிஞ்சா வர்றவன் போறவன் எல்லாம் நேரா அங்கதானே நகத்த வைப்பான்? அன்னிக்கு அதச் சொல்லத்தான் வந்தேன். நீங்க எழுந்து போயிட்டீங்க."

ஐயோ என்று உட்கார்ந்துவிட்டேன். திருடினதுதான் திருடினேன், முழுசாகத் திருடினேனா? பாதியில் எழுந்துபோய்ப் பாதியைத்தான் திருடியிருந்தேன். பெரிய பரீட்சையின் அட்டைகள் அந்த வாரம்தான் ஆபீசுக்கு வந்து குவிந்துகொண்டிருந்தன. எப்படிச் செருக வேண்டும் என்று நானே தமிழில், தெளிவாக, என் பெயர் போட்டு ஊருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

"எத்தன புக்கு குடுத்தாங்க?" என்றாள்.

"முப்பது, நாப்பது இருக்கும்."

"கெளம்புங்க. கடைய சாத்துறதுக்குள்ள மருந்துக்கடைக்காரரப் புடிப்போம்."

செயலாளர் பாவம், சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே ஓரிக்கை வரைக்கும் போய்ப் புத்தகங்களைத் திரும்ப வாங்கிவந்தார். ஒன்றிரண்டு தவிர எல்லாம் வந்துவிட்டது. அவள் மைதாவைக் காய்ச்சிப் பசை கிண்டினாள். அந்த மூன்று வரியின் மேல் நான் வெள்ளைத்தாள் வெட்டிக் கொடுக்கக் கொடுக்க அவள் ஒட்டினாள். ஒவ்வொரு புத்தகத்திலும் தாளுக்கு மேலே "இளக்கம்" என்றும் பக்கத்தில் என் பெயரும் தெரிந்துகொண்டிருந்தது. தாளை இன்னும் ஒரு விரல் மேலே ஏற்றி அந்தப் பெயரையும் மூடியிருக்கலாம். அவள் ஏற்றவில்லை, நானும் ஏற்றச் சொல்லவில்லை.

மறுநாள் ஆபீசரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்க படிச்சவங்கதானேம்மா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். நாலு அறை வாங்கியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது. மற்ற வேலையை நிறுத்தி எனக்கு மிஷினைக் கொடுத்தார். ஒரே எண்ணுக்கு இரண்டாவது அட்டை வந்தால் அங்கேயே நின்று கத்துகிற மாதிரி புரோகிராமை மாற்றினேன். வந்திருந்த கட்டுகளையெல்லாம் மறுபடி ஓட்டிப் பார்த்தோம். எதிலும் எவரும் கை வைத்திருக்கவில்லை. அப்பாடா என்று இருந்தது.

அப்புறம் ஆபீசர் நான் கொண்டுபோன புத்தகத்தைப் புரட்டினார். "பிழை வேற, இளக்கம் வேற, நகம் போடுறது வேற... இவ்வளவு சுத்தமா யாரும் பிரிச்சு நான் பார்த்ததில்ல. இதையெல்லாம் யோசிச்ச நீங்களா அந்த மூணு வரிய எழுதினீங்க?"

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். "நான் யோசிக்கல சார். என் ஓரகத்தி சொன்னது. சொசைட்டியில புடவை பார்க்கிறா."

"அட! அவங்கள ஏன்மா எழுதிப் போடச் சொல்லல? எடுத்ததுல ஒரு பொண்ணு நின்னுடுச்சு. இந்த வாரமே ஆள் போடணும். இந்தாங்க, ஃபாரம். நாளைக்குக் கையோட கூட்டிக்கினு வாங்க."

பஸ்சில் அந்த ஃபாரத்தை மடிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தேன். எரிச்சல் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அவர் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு சொன்ன வார்த்தைகள் காதில் கேட்டுக்கொண்டே இருந்தன. ஆனால் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு பண்ணியிருந்தேன். கொடுத்துவிட்டால் குப்பைக்கூடையில் போட்டதும் இல்லையென்று ஆகிவிடும் என்று நினைத்தேன்.

அவள் இலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். ஃபாரத்தை வாங்கி நின்றபடியே படித்தாள். முகம் அப்படியே மலர்ந்தது. பேனா எடுத்துவந்து தரையில் உட்கார்ந்தாள். பெயர் எழுதினாள், தகப்பனார் பெயர் எழுதினாள். மூன்றாவது வரியில் பேனா நின்றது.

"என்னம்மா?"

"இருபத்தஞ்சு வயசு முடியாதவங்கன்னு போட்டிருக்குதுக்கா. எனக்குப் பங்குனியில முடிஞ்சுபோச்சு."

மாசியில் அவளுக்கு வயது இருந்தது. ஆபீசரிடம் பேசிப் பார்க்கலாமா என்று கேட்க நினைத்தேன். வயது விஷயத்தில் அவர் கையில் எதுவும் இல்லை என்று எனக்கே தெரியும்.

அவள் பேனாவை மூடினாள். "போன தடவ தேதி முடிஞ்சுபோச்சுன்னு சொன்னீங்களே அக்கா. முடிஞ்சுதான் போயிருந்துச்சா?"

இத்தனைக்கும் பிறகும் என் வாயில் வந்தது அதுதான். "ஆமாம்மா" என்றேன்.

அவள் ஃபாரத்தை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். "எங்க சொசைட்டிக்கும் நியூஸ் பேப்பர் வருதுக்கா. உங்க ஆபீசு வெளம்பரத்துல வயசு போடல, கடைசித் தேதி போட்டிருந்தாங்க. நீங்க முடிஞ்சுபோச்சுன்னு சொன்ன அன்னிக்கு இன்னும் பத்து நாள் இருந்துச்சு."

"தெரிஞ்சுக்கினு ஏன் கேக்கல?" என்றேன்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பீங்க. நீங்களாக் குடுப்பீங்களான்னு இருந்தேன். பத்து நாளும் நீங்க பஸ் எறங்கி வரும்போதெல்லாம் உங்க பையத்தான் பார்த்துக்கினு நின்னேன்."

உள்ளேயிருந்து மாமியார் குழம்பு ஆறுகிறது என்று கூப்பிட்டார். அவள் எழுந்து இலையைப் போட்டாள். "கை கழுவிக்கினு வாங்க" என்றாள்.

அதற்குப் பிறகு நாலு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். சொசைட்டியில் நடக்கிறதைப் பற்றியோ, புடவையைப் பற்றியோ அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு மட்டும் வேளைக்குப் போட்டாள்.